நாய் உங்கள் குதிரையைத் துரத்தினால்: இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம் என்ன சொல்கிறது?

போன குளிர்காலத்தில் என் தோழியின் குதிரையை ஒரு நாய் புல்வெளி முழுக்க விரட்டியது. நான் போய்ச் சேர்ந்தபோது நாயும் இல்லை, நாய்க்காரரும் இல்லை. குதிரை வேலியோரம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை நுரை, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்கியது, பின்னங்கால் ஒன்றைச் சரியாக ஊன்றாமல் குளம்பின் நுனியை மட்டும் தரையில் தொட்டபடி வைத்திருந்தது. வேலிக்கம்பியில் ஒரு கொத்து முடி மாட்டியிருந்தது. போலீஸில் சொல்லலாம் என்றேன். "கடிக்கவே இல்லையே, என்னத்தைச் சொல்றது?" என்றாள்.

கடிக்க வேண்டியதே இல்லை. குதிரை வைத்திருக்கும் நிறையப் பேருக்கு இது தெரியாததால்தான் முதல் முறை நடப்பதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களிடமிருந்து கால்நடைகளைப் பாதுகாக்க 1953-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் கால்நடை என்ற சொல்லுக்குள் குதிரையும் இருக்கிறது, கழுதையும் கோவேறு கழுதையும் இருக்கின்றன. பண்ணை வேலைக்கு வளர்க்கிறீர்களா, ஆசைக்கு வளர்க்கிறீர்களா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. விவசாய நிலத்தில் நாய் கால்நடையைத் தாக்கினால் குற்றம். தாக்காவிட்டாலும், காயமோ வேதனையோ ஏற்படும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விதத்தில் துரத்தினால் அதுவும் குற்றம். சினையாக இருக்கும் விலங்குக்குக் கரு கலையும்படி துரத்துவதைச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. காயம் ஏற்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மிரண்ட குதிரை எதிரில் வேலி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து ஓடாது, நாய்ப் பல் படாமலே கால் முறிந்துபோகலாம். அதனால் துரத்துவதையே குற்றமாக வைத்திருப்பது எனக்கு மிகச் சரியாகவே படுகிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். செம்மறி ஆடுகள் இருக்கும் வயலில் நாய் கயிறு இல்லாமலும் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமலும் திரிந்தாலே போதும், குற்றம்தான். குதிரைகளுக்கு அந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லை. உங்கள் புல்வெளிக்குள் ஒரு நாய் வந்து மோந்துபார்த்துவிட்டுப் போனது என்றால் இந்தச் சட்டத்தில் வழக்கு நிற்காது, துரத்தியிருக்க வேண்டும் அல்லது தாக்கியிருக்க வேண்டும். அதனால் புகார் சொல்லும்போது "நாய் உள்ளே வந்தது" என்று முடித்துவிடாமல், எங்கிருந்து எங்கே துரத்தியது, எவ்வளவு நேரம், குதிரை என்ன செய்தது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இடம். மேய்ச்சல் நிலமும் புல்வெளியும் விவசாய நிலக் கணக்கில் வரும். லாயத்து முற்றமோ, மணல் போட்ட பயிற்சித் திடலோ அப்படி வரும் என்று சொல்ல முடியாது, அங்கே நடந்தால் கீழே சொல்லும் மற்ற வழிகள் உதவும். குற்றம் யார் மேல் என்றால், நாயின் சொந்தக்காரர் மேல், அந்த நேரத்தில் வேறொருவர் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அவர் மேலும்தான். நாயை நடத்திக்கொண்டு போகிற வேலைக்காரர் என்பதால் அவர் தப்ப முடியாது. சொந்தக்காரரோ, பொறுப்பான ஆளிடம்தான் நம்பி ஒப்படைத்தேன் என்று காட்டித் தன்னைக் காத்துக்கொள்ளலாம்.

தண்டனை பல ஆண்டுகளாக அதிகபட்சம் 1,000 பவுண்டு அபராதம் என்றே இருந்தது. கால்நடை மருத்துவர் பில்லுக்கே பத்தாத தொகை. 2025-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. விவசாய நிலத்தோடு நிற்காமல் சாலையிலும் பாதையிலும் இருக்கும் கால்நடைகளையும் சேர்த்துக்கொண்டது, நாயைப் பிடித்துவைக்கவும் மாதிரி எடுத்துச் சோதிக்கவும் போலீஸுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் சட்டம் தனி, அங்கே 2021 முதல் 40,000 பவுண்டு வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: 1953 சட்டத்தின்படி வழக்குத் தொடரும் உரிமை போலீஸுக்கு மட்டும் உள்ளது அல்ல, நிலத்தை வைத்திருப்பவரும் கால்நடையின் சொந்தக்காரரும் தொடரலாம். செலவும் அலைச்சலும் உண்டு என்பதால் எல்லோரையும் அந்த வழிக்குப் போகச் சொல்ல மாட்டேன், ஆனால் அப்படி ஒரு உரிமை இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

குதிரை மேல் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது நடந்தால் இன்னொரு சட்டமும் கூட வரும். ஆபத்தான நாய்கள் பற்றிய 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு எந்த இன நாய்க்கும் பொருந்தும். நாய் ஒரு ஆளைக் காயப்படுத்திவிடும் என்று நியாயமாகப் பயப்படும்படி நடந்துகொண்டாலே அது ஆபத்தான முறையில் கட்டுப்பாடு இழந்த நாய். குதிரையின் காலுக்கடியில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தால், மேலே இருப்பவர் விழப்போகிறோம் என்று பயப்படுவது நியாயம்தானே. பொதுப் பாதை, தனியார் நிலம் என்ற பேதம் இதில் இல்லை. யாருக்கும் அடிபடாவிட்டால் ஆறு மாதம் வரை, அடிபட்டால் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. ஆகவே போலீஸிடம் பேசும்போது குதிரைக்கு என்ன ஆனது என்பதோடு உங்களுக்கு என்ன ஆனது, என்ன ஆகும் என்று பயந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பலர் தன்னைப் பற்றிச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள், எல்லாப் பேச்சும் குதிரையைப் பற்றியே போய்விடுகிறது.

பணத்துக்கு வருவோம். விலங்குகள் பற்றிய 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாய் கால்நடையைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அதை வைத்திருப்பவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இதில் அவருடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. "இதுவரைக்கும் என் நாய் இப்படிச் செய்ததே இல்லை" என்பது அங்கே எடுபடாது. நாய் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையுடையது என்றால் வீட்டுத் தலைவர் பொறுப்பு. விதிவிலக்கு உண்டு: உங்கள் குதிரை வேலி தாண்டி அவர் நிலத்துக்குள் போய், அங்கே அவருடைய நாய் காயப்படுத்தியிருந்தால் பொறுப்பு அவர் மேல் விழாது. அதனால் வேலியை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்து போட்டோ எடுத்துவைப்பது வீண் வேலை அல்ல. 10,000 பவுண்டு வரைக்குமான இழப்பைப் பொதுவாகச் சிறு வழக்குகளுக்கான எளிய நடைமுறையில், வக்கீல் இல்லாமலேகூடக் கேட்கலாம். அதற்கு முன்னால் பில்களின் நகலோடு நாய்க்காரருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். நாய்க்காகக் காப்பீடு எடுத்திருப்பவராக இருந்தால் அங்கேயே முடிந்துவிடலாம்.

அடிக்கடி வரும் பக்கத்து வீட்டு நாய்தான் உண்மையான தலைவலி. ஒவ்வொரு முறையும் சின்னதாகத்தான் நடக்கும், மொத்தமாகப் பார்த்தால் குதிரை தீனி எடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். இதற்கு எனக்குப் பிடித்த வழி 1871-ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம். பழையது, ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாய் ஆபத்தானது, சரியான கட்டுப்பாட்டில் வைக்கப்படவில்லை என்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் முறையிடலாம். இது சிவில் வழக்கு என்பதால் குற்ற வழக்கு அளவுக்கு ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. மனிதருக்கு ஆபத்து என்று இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மற்ற விலங்குகளுக்கு ஆபத்து என்றாலும் எடுத்துக்கொள்வார்கள். வேலி போடு, கயிற்றில் கட்டு, வாய்க்கூடு மாட்டு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம், மிக மோசமான நிலையில் கொல்லவும் உத்தரவிடலாம். நாய் சாகக் கூடாது, திருந்தினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு, நாய்க்காரரைத் திருத்துகிற உத்தரவு கிடைக்கிற இடம் இதுதான். நீதிமன்றம் வேண்டாம் என்றால், உள்ளூர் கவுன்சிலின் நாய்ப் பிரிவு அதிகாரியிடம் போகலாம். சமூக விரோத நடத்தை பற்றிய 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கவுன்சிலோ போலீஸோ முதலில் எழுத்தில் எச்சரித்து, கேட்காவிட்டால் நோட்டீஸ் கொடுக்க முடியும். தெருவில் ஆளில்லாமல் திரியும் நாய் என்றால் 2008 முதல் அது கவுன்சிலின் பொறுப்பு.

அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி, சுடலாமா? தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். சுடும் உரிமை என்று ஒன்று சட்டத்தில் இல்லை. நாயைக் கொன்றதற்காக உங்கள் மேல் நஷ்டஈட்டு வழக்கு வந்தால் சொல்லிக்கொள்ள ஒரு தற்காப்பு மட்டும் 1971 சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள். நிலமோ கால்நடையோ உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது சொந்தக்காரரின் அனுமதியோடு செய்திருக்க வேண்டும். நாய் அந்த நேரத்தில் துரத்திக்கொண்டோ துரத்தப்போகும் நிலையிலோ இருக்க வேண்டும், நிறுத்த வேறு நியாயமான வழி இருந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே துரத்தி முடித்த நாய் என்றால், அது இன்னும் பக்கத்திலேயே யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும், யாருடையது என்று கண்டுபிடிக்க வழியும் இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தற்காப்பே போய்விடும். குதிரைகள் சிதறி ஓடுகிற இடத்தில் துப்பாக்கியால் சுட்டால் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. தெரிந்த நாயை, போன வாரக் கோபத்தில், இன்று சுட்டால் சட்டம் உங்களோடு நிற்காது.

அந்த நேரத்தில் என்ன செய்வது? குதிரை மேல் இருந்தால் நாலுகால் பாய்ச்சலில் தப்பிக்கப் பார்க்காதீர்கள், ஓடுவதைப் பார்த்தால் நாய் இன்னும் உற்சாகமாகத் துரத்தும். நிறுத்துங்கள், முடிந்தால் குதிரையின் முகத்தை நாய்ப் பக்கம் திருப்புங்கள், நாயைக் கூப்பிடும்படி அதன் ஆளிடம் உரக்கச் சொல்லுங்கள். புல்வெளியில் என்றால் குதிரைக்கும் நாய்க்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், மிரண்ட குதிரையின் உதைக்கு உங்களைத் தெரியாது. அதே உதை நாயையும் கொன்றுவிடும் என்பதை நாய்க்காரரிடம் சொன்னால் சில பேர் அப்போதுதான் கயிற்றை எடுக்கிறார்கள். போலீஸை அழைக்க, ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999, முடிந்துவிட்டால் 101.

பிறகு குதிரையைத் தடவிப் பாருங்கள். குளிர்கால முடி அடர்த்தியாக இருக்கும்போது கடிபட்ட சின்னத் துளை கண்ணுக்குத் தெரியாது, விரலில் ஈரமோ முண்டோ படும். பின்னங்கால் மூட்டைச் சுற்றியும் தொடையிலும் கட்டாயம் பாருங்கள். மருத்துவர் வந்தால் காரணத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வேலி, மிதிபட்ட தரை, நாய், அதன் ஆள், வந்த காரின் எண் என்று கிடைப்பதையெல்லாம் போட்டோ எடுங்கள். நாய்க்கழுத்துப் பட்டையில் சொந்தக்காரர் பெயரும் முகவரியும் பொது இடத்தில் இருந்தாக வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. போலீஸ் தரும் குறிப்பு எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்திடமும் பதிவு செய்யுங்கள், இப்படிப்பட்ட சம்பவங்களை அவர்கள் சேகரிக்கிறார்கள்.

என் தோழி அன்று ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அதே நாய் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது, அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "இதற்கு முன்னால் நடந்திருக்கிறதா? எந்தத் தேதி?" அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தேதி நினைவில்லை. இப்போது தீவன அறைக் கதவில் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பேனாவும் தொங்குகின்றன.