டர்பைன்: சுழலியா, விசையாழியா?

மின்சாரம் எதிலிருந்து கிடைக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தண்ணீர், நிலக்கரி, காற்று, அணு என்று கடகடவென ஒப்பிப்பார்கள். சரி, நிலக்கரி எப்படி மின்சாரமாகிறது என்று அடுத்துக் கேட்டால் பலர் விழிப்பார்கள். நடுவே வரவேண்டிய டர்பைன் அவர்கள் மனதில் பதியவில்லை.

நீர், நீராவி, காற்று என எது பாய்ந்து வந்து தள்ளினாலும் சுழல்கிற, இறக்கைகள் பொருத்திய சக்கரம்தான் டர்பைன். பைக்காராவில் மலையுச்சியிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர் அதைச் சுழற்றுகிறது. முப்பந்தலில் காற்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்தும், கூடங்குளத்தில் யுரேனிய அணுவைப் பிளந்தும் வெப்பம் உண்டாக்குகிறார்கள். அந்த வெப்பம் தண்ணீரை ஆவியாக்கிய பிறகு இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றே: ஆவி டர்பைனைத் தள்ளுகிறது. அனல்மின் நிலைய டர்பைன் வழக்கமாக நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். அதை 60 ஆல் வகுத்தால் நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதுதான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டலாம்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. டர்பைன் மின்சாரம் தயாரிப்பதில்லை. அது சுழலும், அவ்வளவுதான். அதே தண்டில் இணைந்த ஜெனரேட்டருக்குள், கம்பிச்சுருளுக்கு நடுவே காந்தம் சுழலும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த தத்துவம் இது.

சொல்லின் வேர் லத்தீன். ‘டர்போ’ என்றால் பம்பரம், சுழற்காற்று என்று பொருள். அதிலிருந்து ‘டர்பைன்’ என்ற பெயரை 1822இல் உருவாக்கியவர் கிளோட் பூர்தேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவருடைய மாணவர் ஃபூர்னேரோன் 1827இல் நன்றாக வேலை செய்யும் நீர் டர்பைனைக் கட்டினார். நீராவியில் ஓடுவதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் பார்சன்ஸ், 1884இல். அப்புறம், மன்னார் வளைகுடாவில் எடுக்கும் நம் சங்கின் அறிவியல் பெயர் ‘டர்பினெல்லா பைரம்’. அதற்கும் இதே வேர்தான்.

தமிழில் சுழலி, விசைச்சுழலி, விசையாழி என்று பல வழக்குகள் உண்டு. சுழலி எளிது, ஆனால் மின்விசிறியும் சுழலத்தான் செய்கிறது. விசையாழியில் வரும் ஆழிக்குச் சக்கரம் என்று பொருள், திருமால் கையில் இருப்பதும் ஆழிதான். அழகான சொல், ஆனால் ஆழி என்றதும் பிள்ளைகளுக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். எனக்கு விசைச்சுழலி பிடித்திருக்கிறது: விசை தள்ளுகிறது, இது சுழல்கிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. ஜெனரேட்டருக்கு மின்னாக்கி என்று எழுதினால் இரண்டும் குழம்பாது.

கூரையில் மாட்டும் சூரிய ஒளித் தகட்டுக்கு மட்டும் இந்தச் சொல் தேவையில்லை. அதில் ஒளி நேராக மின்சாரமாகிறது, சுழல்வதற்கு எதுவும் இல்லை.