பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு: சீட்டு கொடுத்த பிறகு என்ன?

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தை மத்திய அரசு 2013இல் தொடங்கியது. வயது வரம்பு 18. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு மருத்துவர்களும், செவிலியரும் மருந்தாளுநரும் இருக்க வேண்டும்.

எடை, உயரம் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக்கொண்டு போவதுடன் வேலை முடிந்தது என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள். உரிமை தொடங்குவதே அதன் பிறகுதான். கண், காது, பல், இதயம், ரத்தசோகை என எதில் குறை தென்பட்டாலும் குழு பரிந்துரைச் சீட்டு எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டுடன் அரசு மருத்துவமனைக்கோ மாவட்டத்தில் இதற்கென உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கோ போனால், திட்டப் பட்டியலில் உள்ள குறைகளுக்கு அறுவை சிகிச்சை உட்பட எல்லாம் இலவசம். சீட்டு பலநேரம் புத்தகப் பையிலேயே மடங்கிக் கிடக்கிறது. பரிசோதனை நடந்த அன்று மாலையே பிள்ளையிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். தொலைந்துபோனால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

வளரிளம் பருவத்தினரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் பரிசோதனைப் படிவத்தில் உள்ளன: மாதவிடாய் தள்ளிப்போகிறதா, வலி இருக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலா, மனச்சோர்வாக இருக்கிறதா, போதைப்பொருள் பழக்கம் உண்டா. நல்ல கேள்விகள்தான். ஆனால் பின்னால் வரிசையில் இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? தனியாகப் பேச வேண்டும் என்று மாணவி பெண் மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. மறைப்புக்கு ஒரு திரையோ தனி அறையோ ஏற்பாடு செய்வது தலைமை ஆசிரியருக்குப் பெரிய காரியமும் இல்லை.

அப்படியும் சொல்லத் தயங்குபவர்களுக்காக, 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆலோசனை மையங்கள் நடக்கின்றன. 10 முதல் 19 வயது வரை யாரும் போகலாம். பேசியதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு: 18 வயதுக்கு உட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி மருத்துவர் உட்பட எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இரும்புச்சத்து மாத்திரை பற்றித்தான் வீடுகளில் அதிக வதந்தி. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. மலம் கறுப்பாகப் போவது இரும்பின் இயல்பு, பயப்பட வேண்டாம். கூடவே டீ குடித்தால் சத்து உடலில் சரியாகச் சேராது. இதனுடன் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் உண்டு.

தமிழ்நாட்டில் 10 முதல் 19 வயது வரையுள்ள மாணவிகளுக்குப் 'புதுயுகம்' திட்டத்தில் இலவச நாப்கினும், பார்வைக் குறை உள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடியும் தரப்படுகின்றன. கேட்டுப் பெறலாம்.

தனியார் பள்ளிகளுக்கு இந்த நடமாடும் குழு வருவதில்லை. ஆலோசனை மையங்களும் அரசு மருத்துவமனைகளும் எல்லோருக்கும் பொது. மன உளைச்சலுக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098: இரண்டும் கட்டணமில்லா எண்கள், இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.