பேய் வராத வரைக்கும்தான் பயம்

பழைய வீட்டில் நடக்கும் பேய் நாவல்களை எடுத்துப் பாருங்கள், பேய் வருகிற பக்கங்கள் ரொம்பக் குறைவு. பூட்டிய அறை, மாடிப்படி, யாரோ நடந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனாலும் நடுராத்திரியில் புத்தகத்தை மூடவும் முடியாது, எழுந்து தண்ணீர் குடிக்கப் போகவும் மனசு வராது. இது எழுதுகிறவரின் சாமர்த்தியம் மட்டுமில்லை, நம் மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பத்து காஜா ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மாதிரி வீடு நன்றாகவே தெரியும். மேட்டில் துரை பங்களா, கீழே லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஆள் இல்லாத பங்களாவில் பகலெல்லாம் வெயிலில் விரிந்த தகரக் கூரை, பொழுது சாய்ந்து குளிரும்போது சுருங்கி டக் டக்கென்று அடிக்கும், காற்றின் ஈரம் மாற மாறத் தரைப் பலகை முனகும், கூரைக்குள் முசாங் என்கிற மரநாய் ஓடும். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. இருட்டில் அந்தச் சத்தம் காதில் விழும்போது மட்டும் மூளை அதற்கெல்லாம் காத்திருக்காது, யாரோ இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்கும்.

அப்படி நினைப்பதில் லாபம் இருக்கிறது. புதர் அசைந்ததும் புலி என்று ஓடி, கடைசியில் அது வெறும் காற்று என்று தெரிந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காற்று என்று நின்று அது புலியாக இருந்துவிட்டால் உயிரே போய்விடும். அதனால் தேவைக்கு மேல் சந்தேகப்படுகிற மூளைதான் தலைமுறை தலைமுறையாகத் தப்பி நம்மிடம் வந்திருக்கிறது என்று ஜஸ்டின் பாரெட் போன்ற உளவியலாளர்கள் விளக்குகிறார்கள்.

சரி, ஆபத்து உறுதி என்றால் ஓடலாம், இல்லை என்றால் தூங்கலாம். இரண்டும் தெரியாதபோது? அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் மெக்காண்ட்ரூ. ஆபத்தின் முழு அளவு தெரிந்துவிட்டால் அச்சத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று தத்துவ எழுத்தாளர் எட்மண்ட் பர்க் 1757-லேயே எழுதிவிட்டார். வெள்ளைப் புடவையில் உருவம் முழுசாக முன்னால் வந்து நின்றதும் கதை சப்பென்று ஆகிவிடுவது இதனால்தான். பேயைச் சீக்கிரம் காட்டிவிடுகிற நாவலாசிரியர் தன் கையில் இருந்த பெரிய ஆயுதத்தைத் தானே கீழே போடுகிறார்.

அப்புறம், ஏன் எப்போதும் வீடு? தான் மறைந்திருந்தபடி சுற்றிலும் பார்க்க முடிகிற இடத்தைத்தான் மனிதன் விரும்புகிறான் என்று புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975-இல் சொன்னார். பழைய மாளிகையில் அது அப்படியே தலைகீழாகிறது. வளைந்த நடைபாதை, திரைச்சீலை, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. நம்மால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை, எதுவோ நம்மைப் பார்க்க முடியும்.

இவ்வளவு பயந்தும் ஏன் தேடித் தேடிப் படிக்கிறோம்? 2020-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், பேய்வீட்டுக் காட்சி ஒன்றுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்தார்கள். பயம் குறைந்தாலும் ரசனை குறைந்தது, மிஞ்சினாலும் குறைந்தது, நடுவில்தான் அதிகம். நாவலுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பயம் மிஞ்சினால் வாசகரே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் சத்தமும் இருட்டும் மட்டும் போதாது, அந்த வீட்டில் முன்பு ஏதோ நடந்திருக்க வேண்டும். இங்கே பக்கத்திலேயே கெல்லி கோட்டை இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்ட ஆரம்பித்தார், கூலிகள் நம்மவர்கள், ஸ்பானிஷ் காய்ச்சலில் பலர் செத்தார்கள், மாரியம்மன் கோயில் ஒன்றும் எழுந்தது, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கோட்டை பாதியில் நின்றது. இன்றைக்கு அங்கே வருகிறவர்கள் எல்லாரும் துரையின் ஆவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். செங்கல் சுமந்து காய்ச்சலில் போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது எனக்கு வருத்தம். அவர்கள் லயத்திலிருந்து அந்தக் கோட்டையைப் பார்ப்பதுபோல ஒரு நாவலைத் தமிழில் யாராவது எழுத வேண்டும், வந்தால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.