நாலு இன்ச் மெஷினில் ஏழு இன்ச் பிளேடு: இன்னும் எத்தனை பேர் அடிபட வேண்டும்?

மறுபடியும் அதே கதைதான். கீழக்கரைப் பக்கம் ஒரு வீடு, மாடிப்படிக்காக ஐந்து இன்ச் தடிமன் கான்கிரீட் தளத்தை வெட்டித் திறக்க வேண்டும். கொத்தனாரிடம் இருந்தது ஏஜி 4 கிரைண்டர், நாலு இன்ச் பிளேடு மாட்டிக் கையில் பிடித்து அறுக்கிற சின்ன மெஷின். பிளேடை மூடியிருக்கும் கவசமான கார்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, வைரத் துகள் பதித்த ஏழு இன்ச் டைமண்ட் பிளேடை மாட்டிக் குந்தி உட்கார்ந்து அறுத்திருக்கிறார். பிளேடு பிடித்துக்கொண்டதும் மெஷின் எகிறித் தொடையைக் கிழித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். மிச்சத்தை முடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் கான்கிரீட் வெட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு. யாரோ அடிபட்ட பிறகு போய் முடித்துக் கொடுக்கிற வேலையாக வருவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கேட்டால், "பெரிய பிளேடு போட்டா ஆழமா இறங்கும்ணே" என்கிறார்கள். இறங்காது தம்பி. பிளேடில் பாதி, அதிலும் நடுவில் இருக்கிற வாஷரும் மெஷின் தலையும் இடிக்கிற அளவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஆழம். நாலு இன்ச் பிளேடு ஒரு இன்ச் சொச்சம் இறங்கும், ஏழு இன்ச் போட்டால் இரண்டு இன்ச் சொச்சம். ஐந்து இன்ச் தளத்துக்கு அது எந்த மூலைக்கு?

இனி வேகத்தைப் பாருங்கள். அந்தச் சின்ன கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். ஏழு இன்ச் பிளேடு தாங்குவது சுமார் 8,500 சுற்று, அது பிளேடின் மேலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. 8,500 சுற்றில் விளிம்பின் வேகம் விநாடிக்கு 80 மீட்டர். நீங்கள் மாட்டுகிற மெஷினில் அது 100 மீட்டரைத் தாண்டிவிடும், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர் கணக்கில். அந்த வேகத்தில் ஒரு பல் கழன்று வந்தால் தடுக்கக் கார்டும் இல்லை, அதைத்தான் முதல் வேலையாகக் கழற்றிவிட்டீர்களே! "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்று எனக்குப் பதில் சொல்லாதீர்கள். கார்டை மாட்டினால் உள்ளே அடங்காத பிளேடு அந்த மெஷினுக்கு உரிய பிளேடே இல்லை, அவ்வளவுதான். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறவர்களைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பில்லை.

வெட்ட வேண்டிய கான்கிரீட்டின் தடிமனைப் பார்த்து மெஷின் எடுங்கள். 14 இன்ச் பவர் கட்டர் ஐந்து இன்ச் வரை இறங்கும், 16 இன்ச் என்றால் ஆறு இன்ச்சை ஒட்டி. மொட்டை மாடியாக இருந்தால் தட்டோட்டையும் அதற்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கலவையையும் முதலில் உடைத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளேடின் பாதி ஆழம் அதிலேயே போய்விடும். ஆறு இன்ச்சுக்கு மேல் பத்து இன்ச் வரை வெட்ட, வளையம் மாதிரி பிளேடு உள்ள ரிங் சா இருக்கிறது, சுவரே போக வேண்டும் என்றால் தண்டவாளம் பொருத்தி ஓட்டுகிற வால் சா. ஏசி பைப்புக்கு ஓட்டை போட இதில் எதுவுமே வேண்டாம், வட்டமாகத் துளைத்தெடுக்கிற கோர் கட்டிங் ஆளைக் கூப்பிட்டால் போதும். எதையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை, வாடகைக்கே எடுக்கலாம்.

வெட்டும்போது ஒரே மூச்சில் இறக்காதீர்கள். முதலில் கோட்டின் மேல் ஒரு இன்ச் ஆழத்துக்கு நேராக ஓட்டி வழி பண்ணிக்கொண்டு, அப்புறம் படிப்படியாக இறக்குங்கள். பிளேடின் மேல்பக்க முன் கால்வாசி எதிலும் படக் கூடாது, மெஷின் ஆளை நோக்கித் தூக்கி அடிப்பது அங்கிருந்துதான். பிளேடு கடிக்காமல் வழுக்கினால் உடம்பு எடையைப் போட்டு அமுக்குகிறார்களே, அது தப்பு. வைரத்தை மூடிக்கொண்டு உலோகம் மழமழப்பாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு சிமெண்ட் பிளாக்கில் நாலு தடவை ஓட்டினால் திறந்துகொள்ளும். மூலைக்கு வந்ததும் கோட்டைத் தாண்டி இழுக்காதீர்கள். வட்டப் பிளேடு மேலே வெட்டும் நீளத்துக்கு அடியில் வெட்டாது என்பதற்காக இழுத்துவிட்டு, இருக்க வேண்டிய கம்பியையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள். நாலு மூலையிலும் முதலில் கோர் ஓட்டை போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

தண்ணீர் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. டேங்கர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் பிளேடுக்கு ஊற்ற மனசு வராது, எனக்குப் புரிகிறது. "டிரை பிளேடு தானே, தண்ணி எதுக்கு?" என்பார்கள். டிரை என்பது பிளேடு தாங்கும் என்பதற்காகப் போட்ட பெயர், உங்கள் நுரையீரல் தாங்கும் என்பதற்காக அல்ல. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. மூக்கில் கட்டுகிற துண்டு அதைத் தடுக்காது. நிமிடத்துக்கு அரை லிட்டர் விட்டாலே தூள் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடவே என்95 மாஸ்க், கண்ணாடி. கரண்ட் மெஷின் என்றால் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும், ஈரத்தில் நிற்கிறீர்கள். தயவுசெய்து உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது வெட்டு வழியாக இறங்கிக் கம்பியைத் தின்னும். சம்புக்குள் பெட்ரோல் கட்டரை இறக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடில் மயங்கி விழுந்தால் தூக்கிவிடப் போகிறவரும் விழுவார்.

இன்னொன்று, வெட்டிய துண்டு எவ்வளவு கனம் என்று யாருக்கும் உறைப்பதில்லை. மூன்றுக்கு மூன்றடி, ஐந்து இன்ச் என்றால் சுமார் 265 கிலோ. அடியில் ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் கடைசி வெட்டைப் போட்டால் பிளேடை நெருக்கிப் பிடிக்கும், இல்லாவிட்டால் மொத்தமாகக் கீழே போகும். கீழே சித்தாள் யாரும் நிற்கவில்லையே என்று நீங்களே இறங்கிப் பாருங்கள். எங்கே வெட்டலாம் என்பதை இன்ஜினியர் கோடு போட்டுத் தரட்டும். பீமை வெட்டச் சொல்லி எனக்குப் போன் பண்ணாதீர்கள்.

வெட்டி முடித்ததும் கம்பி முனைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கடல் காற்றில் சீக்கிரமே துரு ஏறி, உப்பி, சுற்றியுள்ள கான்கிரீட்டையும் பிளந்துவிடும். அன்றைக்கே தேய்த்துச் சுத்தம் பண்ணி, துரு தடுக்கிற ஜிங்க் பிரைமர் அடித்து, கலவையால் மூடிவிடுங்கள்.