எலும்புப்புரைக்கு மருந்து: தொடங்குமுன் நிறுத்துவதைப் பற்றிக் கேளுங்கள்

பினாங்கில் மருந்தாளுநராகப் பணிபுரியும் என்னிடம், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்கு மருந்து வாங்க வரும் அம்மாக்கள் பெரும்பாலும் கேட்பது, "இதில் எதுங்க நல்ல மருந்து?" என்பதுதான். எந்த மருந்தானாலும் அதை இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பலருக்கு முதலில் எழுதித் தரப்படுவது வாரம் ஒருமுறை விழுங்கும் 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறைய வெறும் தண்ணீரோடு அதை விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது எதுவும் உண்ணாமலும் படுக்காமலும் இருக்க வேண்டும். தே தாரிக்கோடு (பால் தேநீரோடு) விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. விழுங்கிய கையோடு மறுபடி படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். சுண்ணச்சத்து (கால்சியம்) மாத்திரையை அன்று பகலுக்கோ இரவுக்கோ தள்ளி வையுங்கள். நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்த மாத்திரையோ ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படும் சோலெட்ரோனிக் அமில மருந்தோ ஏற்றதல்ல என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

அத்தகையோருக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் ஊசி வசதியானது. வசதியாக இருப்பதாலேயே அதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். "மகள் பிரசவத்துக்கு ஆஸ்திரேலியா போகிறேன், வந்து போட்டுக்கொள்கிறேன், வலிதான் ஒன்றும் இல்லையே" என்பார்கள். அலென்ட்ரோனேட் எலும்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்குவதால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆபத்து குறைந்தவர்களுக்கு மருத்துவர் சிறிது காலம் ஓய்வு தரலாம். டெனோசுமாப் அப்படித் தங்குவதில்லை. தவணை தவறினால் அடங்கியிருந்த எலும்புச் சிதைவு முன்பைவிட வேகமாகத் திரும்பி, முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகளை ஏற்படுத்தக்கூடும். எனவே தவணை நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது. நிறுத்தியே தீர வேண்டுமென்றால், அடுத்து எந்த மருந்துக்கு மாறுவது என்பதை மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நீண்ட பயணம் இருந்தால் விமானச் சீட்டு எடுக்கும்போதே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

டெனோசுமாப் ஊசிக்கு முன் இரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டியும் போதுமான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்த ஊசியால் கால்சியம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம் என்று 2024-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் சிகிச்சை தொடங்குமுன் முடித்துக்கொள்வது நல்லது. இந்த மருந்துகளால் வரும் தாடை எலும்பு பாதிப்பு அரிதுதான் என்றாலும் வந்தால் ஆறுவது கடினம். தொடையிலோ அடிவயிற்று மடிப்பிலோ காரணமில்லாத வலி தொடர்ந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்துகளின் அரிய பக்கவிளைவாகத் தொடை எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேனை, முடிந்தவரை, முன்பு எடுத்த அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்களும் மாறும், மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சரியாக ஒப்பிட முடியாது.