உங்கள் வாக்கிங் குரூப்பில் கடைசியாக வருபவர் யார்?

நேற்று மறுபடியும் ஒரு பாதம். வலது பெருவிரலுக்கு அடியில் குழி விழுந்த புண், ஓரமெல்லாம் வெளுத்து நடுவில் கறுத்திருக்கிறது, அதற்குச் சொந்தக்காரரோ "வலியெல்லாம் ஒண்ணுமில்ல சார், வீட்டுல சொன்னாங்கன்னு வந்தேன்" என்கிறார். பல வருடச் சர்க்கரை. சர்க்கரையால் பாதம் மரத்துவிட்டது, வலிக்கவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினையே. எப்படி வந்தது என்று விசாரித்தால், புதிதாக ஒரு வாக்கிங் குரூப்பில் சேர்ந்திருக்கிறார், நடந்து முடித்ததும் பூங்காவில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு சுற்றச் சொல்லியிருக்கிறார்கள், நரம்பு தூண்டப்பட்டு மரத்த கால் சரியாகிவிடுமாம். நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கூழாங்கல் பாதையால் எனக்கு வருகிற வேலை குறைந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் இல்லாமல், விடியற்காலையில் எழுந்து, தெருவில் இருக்கிற பத்திருபது பேருக்கு போன் போட்டு எழுப்பிக் கூட்டிப்போகிறவரைத் திட்ட மனசு வராது. ஆனால் அவரிடம் சில விஷயங்களை யாராவது சொல்லியாக வேண்டும்.

குழுவாக நடப்பது உண்மையிலேயே வேலை செய்கிறது. 2015இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர், நடைக்குழுக்கள் பற்றிய 42 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,800 பேருக்கு மேல். ரத்த அழுத்தம் மேலேயும் கீழேயும் மூன்று, நான்கு புள்ளி இறங்கியிருந்தது, உடல் கொழுப்பு, ஓய்வு நேர நாடித்துடிப்பு, மனச்சோர்வு எல்லாவற்றிலும் முன்னேற்றம், பெரிதாகச் சொல்லும்படி காயமோ ஆபத்தோ இல்லை. இங்கிலாந்தில் இதையெல்லாம் 1990களின் நடுவில் ஒரு குடும்ப மருத்துவர்தான் தன் நோயாளிகளுக்காக ஆரம்பித்தார், அப்புறம் அது தன்னார்வலர்கள் நடத்துகிற நாடு தழுவிய திட்டமாகிவிட்டது. நம் ஊரில் 2023 நவம்பரில் தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' வந்தது, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிறு அங்கேயே மருத்துவ முகாம். நல்ல திட்டம். ஒரே ஒரு விண்ணப்பம்: 8 கிலோமீட்டர் என்பது பாதையின் நீளம், முதல் நாள் நடக்க வேண்டிய தூரம் இல்லை. ஒரு கிலோமீட்டரில் திரும்பி வந்தால் யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

இப்போது என்னை நிஜமாகவே எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். தினம் பத்தாயிரம் காலடி.

எந்த குரூப்பைப் பார்த்தாலும் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வரிசை கட்டுகிறது. ஒருவர் 11,240, இன்னொருவர் 13,006, கீழே கைதட்டும் ஸ்டிக்கர்கள். 3,900 நடந்தவர் எதையும் போடுவதில்லை, இரண்டு வாரம் கழித்து நடக்க வருவதும் இல்லை. சிலர் எண்ணிக்கை குறைகிறதே என்று படுக்கப் போகும் முன் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்கள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் உட்பட. இந்தப் பத்தாயிரத்தை எந்த மருத்துவக் குழுவும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்தது, உடற்பயிற்சி மோகம் பரவியிருந்த நேரம், மறுவருடம் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிக்கணக்குக் கருவியை விற்க ஆரம்பித்தது. பெயரிலேயே பத்தாயிரத்தை வைத்தது. முழு எண், மனதில் நிற்கும், விற்கும். அவ்வளவுதான். ஆய்வுகள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தன. 2019இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைவு, 7,500 வாக்கில் அந்தப் பலன் சமதளமாகிவிட்டது. (அதிகம் நடப்பவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற வழக்கமான சந்தேகம் இதற்கும் உண்டு, அதைத் தவிர்க்க அவர்கள் முயன்றிருக்கிறார்கள்.) அதாவது ஒன்றுமே நடக்காதவர் கொஞ்சம் நடப்பதில்தான் பெரிய லாபம். ஏற்கெனவே பன்னிரண்டாயிரம் நடப்பவர் பதினாலாயிரம் ஆக்குவதில் இல்லை. உங்கள் குரூப் யாருக்காக என்பதை இதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் அடிகளையே எண்ணச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகம், முடிந்தால் 300 வரை. மிதமான வேகம் என்றால் பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. இரண்டு வரிகூடச் சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை என்றால் அவருக்கு அது அதிக வேகம், பக்கத்தில் வருபவருக்கு அதே வேகம் சோம்பல் நடையாக இருக்கலாம்.

ஆகவே குரூப் தலைவர்களே, நீங்கள் முன்னால் விறுவிறுவென்று போக வேண்டாம். யாராவது ஒருவர் முன்னால் போகட்டும், நீங்கள் கடைசியில் வாருங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. மூட்டுவலிக்காரர், புதிதாக வந்தவர், கூச்சப்பட்டு ஓரமாக வரும் அம்மா, மூச்சு வாங்குவதை மறைக்கிறவர், எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். வேகக்காரர்களுக்குக் கால் பரபரக்கிறதென்றால் ஒரு சுற்று அதிகம் போய் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

சேருகிற நாளில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: சர்க்கரை, பிரஷர், இதயம், என்ன மாத்திரை, வீட்டில் யாருக்கு போன் செய்ய வேண்டும். குரூப்பில் பகிரங்கமாகக் கேட்காதீர்கள். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, ஐம்பது வயதைத் தாண்டிய உங்கள் கூட்டத்தில் நாலைந்து பேருக்காவது இருக்கும், இல்லை என்பவர்களிலும் சிலர் பரிசோதித்திருக்க மாட்டார்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்க வருவது ஆபத்து, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம், வருவதற்கு முன் என்ன சாப்பிடலாம், மருந்தை எப்போது போடலாம் என்று அவரவர் டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். நடுவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உட்கார வைத்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். கடலைமிட்டாய் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, 108தான். பிரஷருக்குப் போடும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், அப்போது வியர்வைதான் முக்கியத் துப்பு.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நடந்தால் வந்து நின்றால் போவது: இது கேஸ் இல்லை. சோடா வாங்கித் தராதீர்கள், "இன்னும் ரெண்டு சுற்று நடந்தா ஏப்பம் வந்திரும்" என்று தைரியம் சொல்லாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கத் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. பக்கத்து நிலையம் எங்கே என்று குரூப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கூழாங்கல் பாதைக்குச் சர்க்கரை நோயாளி போகவே கூடாது, செருப்பில்லாமல் எங்கேயும் நடக்கக் கூடாது, கோயிலுக்கு உள்ளேகூடச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சாமி ஒன்றும் சொல்லாது. வீட்டுக்குப் போனதும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஷூவைப் போடும் முன் தட்டிப் பாருங்கள். மரத்த காலுக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பு ஷூ ஆகாது. எட்டு வடிவத்தில் நடப்பவர்கள் நடந்துகொள்ளுங்கள், அதுவும் நடைதான், அதற்குத் தனியாக மந்திர சக்தி கிடையாது.

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போங்கள். நாலு பேர் கைகோர்த்த மாதிரி சாலையை அடைத்துக்கொண்டு தேர்தல் பேசிக்கொண்டு போகாதீர்கள், விடியாத நேரத்தில் கறுப்புச் சட்டை வேண்டாம். அப்புறம், ஐந்து மணி என்பது ஆண்களுக்கு வசதியான நேரம். பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதுக்கு வரலாம், அல்லது மாலை ஆறுக்கு, வெளிச்சமும் கழிப்பறையும் இருக்கிற இடமாகப் பாருங்கள். பெண்கள் யாரும் வருவதில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொள்கிற தலைவர்களில் நேரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பார்த்தவர் மிகக் குறைவு.

நடை முடிந்து டீக்கடையில் உட்காருவதை நான் தடுக்க மாட்டேன். பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்த அரைமணிப் பேச்சு மாத்திரைக்குக் குறைந்ததில்லை. போண்டாவை மட்டும் யோசியுங்கள்.

தலைவர், மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போய்விட்டால் மூன்றாம் நாளே குரூப் கலைந்துவிடுகிறது, இதையும் நிறையப் பார்க்கிறேன். இப்போதே இன்னொருவரைப் பழக்குங்கள். அந்த போன் நம்பர் பட்டியல் அவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் அவரே கூட்டிப்போகட்டும், நீங்கள் ஊரில் இருக்கும்போதே.