மனுக் கொடுக்க முதல் சம்பளத் துண்டைப் பாருங்கள்

2023 பெப்ரவரியில் ஒருநாள் காலை, கந்தோர் வாசலில் அந்தத் தம்பி விரல் அடையாள மெசினில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீர் லீவெல்லோ?" என்றதும்தான் கையை இழுத்தார். பிரதேச சபைத் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுத்து மூன்று கிழமை. சம்பளமற்ற லீவு; இலங்கையில் அரச ஊழியர் தேர்தலில் நிற்பதென்றால் அப்படித்தான். பதினைந்து வருஷப் பழக்கத்தில் விரல் தன்பாட்டில் போயிருக்கிறது.

ஊழியர் விவகாரம் பார்க்கும் தாபனக் கிளையில் நெடுங்காலம் இருந்ததால் "தேர்தலில் நிக்கலாமோ மிஸ்?" என்று கேட்டு வருகிறவர்கள் எனக்கு வழக்கம். பதவிநிலை உத்தியோகத்தர், பொலிஸ், முப்படை என்றால் முடியாது. அரசியல் உரிமையுள்ள மற்றவர்களுக்குத் அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் 32ஆம் அத்தியாயம் வழிவிடுகிறது. பாராளுமன்றம் என்றால் அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரையையும் பார்க்க வேண்டும். 1970 நவம்பர் 18இல் ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 6,720 ரூபாவோ அதற்கு மேலோ இருந்த பதவிக்காரர் உறுப்பினராக முடியாது. பின்னர் உருவான பதவிகளை, அவை உருவான திகதியில் அப்படிப்பட்ட பதவிகளுக்கு இருந்த ஆரம்பச் சம்பளத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கலாமோ தெரியாது.

லீவு ஏன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உதவிப்பணப் படிவம் நிரப்பித் தருகிறவரே வாக்கும் கேட்டால், முன்னால் நிற்கிற சனம் என்ன செய்யும்? ஆனால் அந்த லீவுக்கு முடிவுத் திகதி உண்டென்று எல்லோரும் நம்பியிருந்தோம். ஜனவரி 21இல் மனுக் காலம் முடிந்தது, வாக்களிப்பு மார்ச் 9. ஏழு கிழமையைச் சமாளிக்கலாம் என்றுதான் அந்தத் தம்பியும் கணக்குப் போட்டார். மார்ச் 9 ஏப்ரல் 25 ஆனது. பிறகு திகதியே இல்லை.

பிரசாரமும் இல்லை, வேலையும் இல்லை. பாங்கிக் கடனும், அவசரத் தேவைக்குக் கந்தோரில் எடுக்கிற இடர்கடனும் சம்பளத்தில் கழிபடுகிறவை. சம்பளம் இல்லையென்றால் கைக்காசு. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. இப்படி நின்றவர்களை அயல் தொகுதிகளிலுள்ள கந்தோர்களில் வேலைக்கு இணைக்கும் ஏற்பாடு பிறகுதான் வந்தது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. கடைசியில் அந்த மனுக்களையே இரத்துச் செய்து, புதிதாக மனுக் கோரி, 2025 மே 6இல் வாக்கெடுத்தார்கள்.

ஆகவே லீவை எழுத்தில் எடுங்கள். "போ, பிறகு பாப்பம்" என்கிற மேலதிகாரி நாளைக்கு மாறிப் போவார். சீல், சாவி, கோவைகளைக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். கந்தோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுங்கள். மிச்ச வேலை முடிக்கவென்று ஒரு மணித்தியாலம்கூட மேசைக்குப் போகாதீர்கள். போட்டிக்காரர் ஒரு படம் எடுத்தால் முறைப்பாட்டுக்கு அது போதும். பாங்கி முகாமையாளரிடம் முதலே கதையுங்கள்.

2025இல் அந்தத் தம்பி திரும்ப வந்தார். இந்த முறை கையில் சம்பளத் துண்டு. கடன் முடிய இன்னும் பதினான்கு மாதம். இரண்டு பேரும் பார்த்தோம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மேசைக்குப் போனார்.